மிருகசீரிடம் காலை 8.05 வரை

திங்கட்கிழமை, காலை 10.40.

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினால், அறைக்குள் ஒன்றுமே இல்லை.

சுருட்டிக் கயிறு கட்டிய மெத்தையோடு ஓர் இரும்புக் கட்டில். சுவரோரம் தரையில் ஓர் அகல் விளக்கு, நேற்று எரிந்து கருகிய திரியோடு. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். பீரோ கிடையாது, டிரங்குப் பெட்டி கிடையாது, எதையாவது ஒளித்து வைக்க ஒரு பரண்கூடக் கிடையாது. சப்-இன்ஸ்பெக்டர் ரூபா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மெத்தையை அவிழ்த்து உதறச் சொன்னாள். உதறிய கான்ஸ்டபிள் ரவிக்குமாருக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

“பாத்து முடிச்சாச்சா மேடம்? இல்ல, தரையையும் தோண்டணுமா?”

சேகரன் வாசற்படியில் சாய்ந்து, சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு வயது. நெற்றியில் விபூதி, அதற்கு மேல் குங்குமம், அதற்கும் மேல் இடமிருந்தால் இன்னும் எதையாவது வைத்திருப்பான். அந்த மனிதனை மனசுக்குள் ‘அவர்’ என்று நினைக்க ரூபா காலையிலிருந்து முயன்று பார்த்தாள். முடியவில்லை.

“இந்த ரூமை ஏன் பூட்டி வெச்சீங்க?”

“என் வீடு, என் ரூம். அம்மா உயில்ல எனக்குத்தான் எழுதி வெச்சிருக்காங்க. இருக்கறவங்க எதையாவது தூக்கிட்டுப் போயிட்டா?” என்று சொல்லி, சமையலறைக் கதவருகே நின்ற தங்கை சரசுவைப் பார்த்தான்.

“இந்தச் சுருட்டின மெத்தையையா?”

சேகரன் சாவிக்கொத்தைச் சுழற்றுவதை நிறுத்திப் பைக்குள் போட்டான்.

“தினம் சாயங்காலம் வந்து கதவைத் தொறந்து உள்ள போறீங்களாமே.”

“விளக்குப் போட வரேன். பெத்த தாய் கண்ண மூடின இடம் மேடம். கடைய விட்டுட்டு ஓடி வரேன். இதக் கூடவா கேஸ் போடுவீங்க?”

குரல் சரியான இடத்தில் உடைந்தது. ரவிக்குமாரின் கண் கலங்கியது. அவனுக்கு யார் அழுதாலும் கண் கலங்கும். போன வாரம் ஒரு செயின் திருடனுக்காகக் கலங்கியது.

ரூபா வெளியே வந்தாள். கூடத்துச் சுவரில் செத்துப்போன மகேஸ்வரியம்மாள் படமாக இருந்தாள். பிளாஸ்டிக் மாலை, படத்துக்குக் கீழே பூ மாதிரி ஒரு சின்ன மின்விளக்கு. அதன் ஒயர் பிளக்கில் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பெற்ற தாய்க்கு விளக்கு வைக்கிறவன் படத்தை இருட்டில் விட்டுவிட்டு, பூட்டிய அறைக்குள் யாருக்கு விளக்கு வைக்கிறான்?

காலை 11.15.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அந்த ஓட்டு வீடு. கூடம், ஒரு அறை, சமையலறை. வெளியே பார்த்தால் யாரும் ஆசைப்பட மாட்டார்கள். மார்க்கெட்டுக்கு எழுபது அடி என்று தெரிந்தால் யாரும் ஆசைப்படாமல் இருக்க மாட்டார்கள்.

சரசுவுக்கு நாற்பத்தாறு வயது. ஊதுபத்தி உருட்டி உருட்டி உள்ளங்கை கறுத்திருந்தது. ஒன்பது வருஷமாக அம்மாவோடு அந்த வீட்டில் இருந்தவள். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்துபோன அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டவள். உயிலைக் காட்டி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வெளியேறச் சொல்லியிருந்தான் அண்ணன். இன்று பதினோராம் நாள்.

“உள்ள ஒண்ணுமே இல்லீங்களே மேடம்,” என்றாள், கொடுத்த புகாரில் பொய் சொல்லிப் பிடிபட்டவள் போல. “நான் என்னமோ பத்திரம் கித்திரம் வெச்சுத் தேடறாருன்னு நெனச்சேன்.”

“அதை விடுங்க. அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க. வியாழக்கிழமையிலிருந்து.”

“வியாழக்கெழம மத்தியானம் அண்ணன் வந்தாருங்க. ராமாபுரத்துல பெரியப்பா பேத்திக்கு வெள்ளிக்கெழம நிச்சயம், நம்ம வூட்டுல இருந்து ஒரு ஆளாவது போகோணும், நீ போய்ட்டு வா, ஒரு நாள் நான் பாத்துக்கறேன்னாரு. ஒம்போது வருசத்துல மொத தடவ அப்பிடிச் சொன்னாருங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.”

“போனீங்க.”

“அன்னிக்கு சாயங்காலமே போனேன். வெள்ளிக்கெழம பன்னெண்டே முக்காலுக்கு போன். பன்னெண்டு இருவதுக்கு அம்மா போயிட்டா, திருவாதிரையில போயிருக்கா, வீட்டுக்கு ஒரு தோசமும் இல்ல, புண்ணியவதின்னாரு. நான் பஸ் புடிச்சு வந்து சேர அஞ்சு மணி. அதுக்குள்ள ஐஸ் பொட்டில வெச்சாச்சு. தொட்டுக்கூடப் பாக்கல.”

“டாக்டர்?”

“மூணு மணிக்கு வந்தாராம். கண்ணாடி வழியாப் பாத்து சர்ட்டிபிகேட் எழுதிக் குடுத்தாராம்.”

மகன் சொன்ன நேரத்தை எழுதியிருப்பார். எண்பது வயதுக் கிழவிக்கு நேரம் எதற்கு என்று நினைத்திருப்பார். ரூபா இந்த ஊரில் பார்த்த இறப்புச் சான்றிதழ்களில் பாதி, பெட்டியின் கண்ணாடி வழியாக எழுதப்பட்டவை.

“உயில்?”

“அன்னிக்குக் காலைல ஒம்பதரைக்கு அம்மா கைநாட்டு வெச்சாளாம். ரெண்டு சாட்சி. நம்பவே மாட்டேனுங்க. அண்ணன் மூணு தடவ காயிதம் கொண்டாந்தாரு. அம்மாவுக்குப் பேச்சு வராது, ஆனா எல்லாம் புரியும். அந்த நல்ல கைய, எடது கைய, இப்பிடி மூடிக்குவா. விரலப் பிரிக்கவே முடியாதுங்க.” சரசு முஷ்டியை மூடிக் காட்டினாள். “இன்னொண்ணும் எனக்கு மனசு ஆறலீங்க. அமரர் வண்டி முன்னாடி வாசல்ல நிக்குது. அண்ணன் அம்மாவ சமயக்கட்டு வழியா, பொறவாசல்ல, அந்தக் கக்கூஸ் சந்துல தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாரு. வண்டி சுத்திக்கிட்டு அங்க வந்துச்சு. முன்னாடி கூட்டமா இருக்காம். எங்க கூட்டம்? பதினஞ்சு பேரு.”

ரூபா பின்கதவைத் திறந்து பார்த்தாள். வீடுகளின் முதுகுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், துப்புரவுக்காக விட்ட கன்சர்வன்சி சந்து. நடுவில் சாக்கடை. மார்க்கெட்டின் அழுகின கோஸ் இலைகளை மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு, பெரிய விஷயம் இல்லை என்று மறுபடி குனிந்துகொண்டது.

மதியம் 12.30.

முதல் சாட்சி சிவகுமார் வேலையாக ஹாசன் ஊருக்குப் போயிருந்தான். இரண்டாவது சாட்சி ஹேமந்த், சேகரனின் கடைக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். உயிலைத் தட்டச்சு செய்ததும் அவன்தான். ஒல்லியான ஆள். பேசும்போது மெஷினின் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

“எத்தனை மணிக்குப் போனீங்க?”

“ஒம்பதே காலுக்கு வரச் சொன்னார். ஒம்பதரைக்குக் கைநாட்டு.”

“நீங்க எங்க நின்னீங்க?”

“ரூம் வாசல்ல மேடம். உள்ள வரவேண்டாம், அம்மாவுக்கு மூச்சு முட்டும்னார்.”

“அம்மா முழிச்சிருந்தாங்களா?”

“தலை ஆட்டினாங்கன்னு அண்ணா சொன்னார்.”

“நீங்க பாத்தீங்களா?”

மூடி திறந்து மூடியது. “கண்ணு மூடியிருந்தது. தூக்கம் போல.”

“கை?”

“அவர்தான் பிடிச்சுத் தூக்கினார். கொஞ்சம் விறைப்பா வந்தது. பக்கவாதம் இல்லையா.”

“எந்தக் கை?”

“எடது மேடம். உயில்லயே எடது பெருவிரல்னு நான்தானே அடிச்சேன்.”

வாதம் அடித்த பக்கம் வலது. ரூபா அதை அவனிடம் சொல்லவில்லை.

மதியம் 1.20.

சேகரனின் பூஜை சாமான் கடையில் கற்பூரமும் மல்லிகையும் சேர்ந்த வாசனை தலையை வலிக்கச் செய்தது. புதுவருஷக் காலண்டர் கட்டுகள் பிரிக்காமல் கிடந்தன. கல்லாவுக்குப் பின்னால் தமிழ் தினசரி காலண்டர் ஒன்று. கிழித்த தாள்களை அவன் எறிவதில்லை, சாமி படம் இருக்கிறதாம், பெரிய கிளிப்பில் கோத்து வைத்திருந்தான்.

முன்னால் ஒரு அம்மாள். கௌரம்மா என்று கூப்பிட்டான். புது வீட்டில் பால் காய்ச்ச நாள் கேட்டு வந்தவள்.

“புதன்கிழமை நல்ல நாளுன்னு போட்டிருக்கே அண்ணா, அனுஷம்னு?”

“எங்க போட்டிருக்கு? மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கறதப் பாத்துட்டு ஓடி வந்துடறது!” சேகரன் ரூபா நிற்பதைப் பார்த்துவிட்டான், குரல் உயர்ந்தது. “அது சூரியன் உதிக்கிறப்ப இருக்கற நட்சத்திரம். நீ பால் காய்ச்சறது எத்தன மணிக்கோ, அந்த நிமிஷத்துல என்ன நட்சத்திரம்னுதான் பாக்கணும். ‘வரை’, ‘பின்பு’ன்னு பொடி எழுத்துல போட்டிருக்கான் இல்ல? அதான் பஞ்சாங்கம். மேல இருக்கறது வெறும் பேரு. படிச்சவங்களே இதுல ஏமாந்து போறாங்க.”

கடைசி வாக்கியம் காக்கிச் சட்டைக்கு. கௌரம்மா பயந்துபோய் ஐம்பது ரூபாய்க்குக் கூடுதலாகக் கற்பூரம் வாங்கினாள்.

“சொல்லுங்க மேடம். பூட்டுக்குள்ள பூதம் கெடச்சுதா?”

“அந்தக் கிழிச்ச தாளெல்லாம் பாக்கலாமா?”

“தாராளமா. உங்களுக்கும் நல்ல நேரம் வேண்டியிருக்கும்.”

ரூபா புரட்டினாள். பத்து நாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. ஐப்பசி, தேய்பிறை சதுர்த்தி. நல்ல நேரம் காலை 9.15 முதல் 10.15 வரை. ராகு காலம் 10.30 முதல் 12 வரை. கீழே பொடி எழுத்தில்: மிருகசீரிடம் காலை 8.05 வரை, பின்பு திருவாதிரை.

திருட்டுக்கும் நல்ல நேரம் பார்த்திருக்கிறான். ஒன்பதே காலுக்குச் சாட்சிகள், ஒன்பதரைக்கு ரேகை, ராகு வருவதற்குள் எல்லாம் முடிந்து கைகழுவியாகிவிட்டது. ரூபாவுக்கு உதட்டின் ஓரம் கோணியது. அப்புறம் தன்னைப் பற்றி ஒன்று ஞாபகம் வந்து கோணல் நேரானது. போன வருஷம் ஸ்கூட்டர் எடுக்கப் போனவள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமில் ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தாள். வெயில் தாழட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று புதன்கிழமை, பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை ராகு காலம். வெயில் ஒன்றரைக்குத் தாழாது என்று அவளுக்குத் தெரியும். இவர்களை வெறுக்கும்போதெல்லாம் அந்த நாற்காலி வந்து நிற்கும்.

தாளைத் திரும்பக் கிளிப்பில் மாட்டப் போனவள் நிறுத்தினாள். எட்டு ஐந்து வரை.

“இந்தத் தாளை நான் எடுத்துக்கறேன்.”

“சாமி படம் இருக்கு. கீழ போட்டுடாதீங்க,” என்றான் சேகரன்.

மதியம் 2.40.

ஸ்டேஷனில் ரவிக்குமார் அன்னத்தையும் சாம்பாரையும் முடித்துவிட்டு, தன் கன்னடம் கலந்த தமிழோடு வந்தான். “மேடம், கேஸ் முகிஞ்சு போச்சு இல்ல? ரூம்ல ஏனூ இல்ல.”

“ரூமுக்குள்ள தேடினதுதான் தப்பு. பூட்டைப் பாத்திருக்கணும்.”

“பூட்டுல என்ன மேடம்?”

ரூபா காலண்டர் தாளை மேஜையில் விரித்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா சதய நட்சத்திரத்தில் செத்துப்போனார். சரசு சொன்ன அதே ராமாபுரத்தில் அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு அறை. அவிட்டம், சதயம் என்று வரிசையாக ஐந்து நட்சத்திரத்தில் செத்தால் ஆறு மாசம் அடைப்பு. செத்த இடத்தைப் பூட்டிவிட வேண்டும், பிணம் தலைவாசல் வழியாகப் போகக்கூடாது, சாயங்காலம் மட்டும் திறந்து விளக்கு வைத்துவிட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டில் இன்னொரு சாவு. பெரியவர்கள் கூடி, பின்சுவரை இடித்து அப்பாவை வெளியே எடுத்தார்கள். அம்மாவும் நான்கு பிள்ளைகளும் ஆறு மாசம் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் படுத்தார்கள். அவளுடைய ஏழாம் வகுப்புப் புத்தகங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. எடுத்துக் கொடுங்கள் என்று அழுதவளை ஒரு மாமா அறைந்தார். நட்சத்திரத்தின் மேல் அவளுக்கு அன்று வந்த கோபம் வளர்ந்து, நட்சத்திரத்தை நம்புகிறவர்கள் மேல் வெறுப்பாகி, அப்படியே தங்கிவிட்டது. அது நல்ல குணம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வேலைக்கு உதவியது.

அவள் போனை எடுத்துச் சரசுவைக் கூப்பிட்டாள். “உங்க குடும்பத்துக்கு ஜோசியம் பாக்கறவர் யாரு?”

“ராமாபுரத்து சித்தையனுங்க. அண்ணன் அவரக் கேக்காம முடிகூட வெட்டிக்க மாட்டாரு.”

“சாவுக்கு வந்தாரா?”

“இல்லீங்க. வயசாயிருச்சு, வெளியூரு போறதில்ல.”

மாலை 3.05.

போனில் பழைய குரல், சுத்தமான ராமாபுரத்துக் குரல்.

“ஆருங்க? போலீசுங்களா? நான் ஒரு தப்பும் பண்ணலீங்களே.”

“ஒண்ணுமில்லைங்க ஐயா. மைசூர் மகேஸ்வரியம்மா காரியத்துக்கு நீங்க குறிச்சுக் குடுத்ததைக் கொஞ்சம் படிங்க. ஒரு ரிக்கார்டுக்கு.”

“அதுக்கென்னுங்க. கண்ணாடியப் போட்டுக்கறேன். ஆங். வியாழக்கெழம, உதயத்துக்கு மூணு நாழிக இருக்கையில சீவன் போச்சு. மிருகசீரிசம். ரெண்டு மாசம் அடைப்பு. சேகரன் இருட்டோட போன் பண்ணிக் கேட்டுக்கிட்டான். பொறவாசல்ல எடுக்கச் சொன்னேன், வெளக்கு வெக்கச் சொன்னேன். பண்றான் இல்லீங்க?”

“தவறாம பண்றாருங்க.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ரவிக்குமார் கையை நீட்டித் தடுத்தான். “வியாழக்கெழமன்னு சொல்றார் மேடம். அந்தம்மா போனது வெள்ளி. தாத்தாவுக்கு மறந்துபோச்சு.”

கிழவருக்குக் காது நன்றாகவே இருந்தது. “உங்க கடியாரத்துக்கு வெள்ளி கண்ணு. ராத்திரி பன்னெண்டு அடிச்சா நாளு மாறிப்போயிருமா? பொழுது கெளம்பினாத்தான் வெள்ளி. அது வரைக்கும் வியாழந்தான்.”

போனை வைத்ததும் ரூபா ஒரு தாளை இழுத்தாள். “ஒரு நாழிகை இருபத்துநாலு நிமிஷம். மூணு நாழிகை எழுபத்திரண்டு. அன்னிக்கு மைசூர்ல சூரிய உதயம் ஆறு இருபத்திரண்டு. கழிச்சுப் பாரு.”

ரவிக்குமார் விரல் விட்டு எண்ணினான். “அஞ்சு பத்து.”

“காலைல அஞ்சு பத்து. ஒம்பதரைக்குக் கைநாட்டு வெச்சது யாரு?”

ரவிக்குமார் உட்கார்ந்துவிட்டான்.

மாலை 5.55.

வானம் மூட்டமாக இருந்தது. சேகரன் வழக்கம் போல் எண்ணெய்ப் புட்டியோடு வந்தான். கூடத்தில் ரூபா, ரவிக்குமார், மூலையில் சரசு, அவளுக்கு எதிரில் தலைகுனிந்து ஹேமந்த். ஹேமந்தைப் பார்த்ததும் சேகரனின் நடை ஒரு கணம் தப்பியது.

“விளக்குக்கு நேரமாச்சு மேடம்,” என்றான்.

“வைக்கலாம். ஒரே ஒரு சந்தேகம். உங்க அம்மா என்ன நட்சத்திரத்துல போனாங்க?”

“திருவாதிரை. ஊருக்கே தெரியும்.”

“திருவாதிரைக்கு அடைப்பு எத்தனை மாசம்?”

“அடைப்பே கிடையாது.”

“அப்போ எதுக்கு அடைச்சீங்க?”

மார்க்கெட்டிலிருந்து யாரோ வாழைத்தார் ஏலம் போடுவது கேட்டது.

“நான்... சாமான் போயிடும்னு...”

“சாமானே இல்லாத ரூம் அது. அம்மா ஞாபகத்துக்கு விளக்குன்னா படத்துக்கு முன்னாடி வெச்சிருப்பீங்க. அந்த பல்ப் ஒயரைக்கூட நீங்க செருகல. வண்டி முன்வாசல்ல நிக்கறப்ப சாக்கடைச் சந்து வழியா அம்மாவை எடுத்தீங்க. பூட்டு, விளக்கு, பின்வாசல். இது மூணும் சேந்தா ஒரே ஒரு காரியந்தான். அம்மா மிருகசீரிடத்துல போனதா நெனைக்கிறவன் பண்ற காரியம்.” ரூபா காலண்டர் தாளை எடுத்து அவன் முன் வைத்தாள். “மிருகசீரிடம் காலை எட்டு அஞ்சு வரைக்குந்தான்.”

சேகரன் தாளைப் பார்த்தான். அவன் மூளை வேலை செய்வது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. “அன்னிக்குத் தாள்ல மேல மிருகசீரிடம்னுதான் போட்டிருக்கு. அதப் பாத்து ஒரு பயத்துல...”

“மேல இருக்கறது வெறும் பேருன்னு மத்தியானம் நீங்கதானே அந்தம்மாவைத் திட்டினீங்க? படிச்சவங்களே ஏமாந்து போறாங்கன்னு.”

ரவிக்குமாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

“சித்தையன் நோட்டுல இருக்கு. உதயத்துக்கு மூணு நாழிகை முந்தி. வெள்ளிக்கிழமை இருட்டோட நீங்க அவருக்குப் போன் பண்ணினது உங்க போன் கம்பெனிகிட்ட இருக்கும். டாக்டரை ஏமாத்தினீங்க, சாட்சியை ஏமாத்தினீங்க, கூடப் பொறந்தவளை நடுத்தெருவுல நிறுத்தப் பாத்தீங்க. இது எதுக்குமே உங்களுக்குப் பயமில்ல. ஆனா அடைப்பு போடாம விட்டா அடுத்து உங்க வீட்டுல ஒரு உசிரு போயிடுமோன்னு பயம். ஊருக்கு ஒரு நட்சத்திரம் சொன்னீங்க, நட்சத்திரத்துக்கு மட்டும் உண்மையா நடந்துக்கிட்டீங்க.”

“மேடம்,” என்றான் ஹேமந்த். குரல் எங்கிருந்தோ வந்தது. “கை விறைப்பு மட்டும் இல்ல மேடம். சில்லுனு இருந்தது. பேப்பர் நழுவறப்ப உள்ள பாஞ்சு பிடிச்சேன், அப்ப பட்டது. எனக்கு அப்பவே தெரியும். என் கடை அட்வான்ஸ அண்ணாதான் கட்டினாரு, அதனால...”

“ஏண்டா, நீயே வாயத் தொறக்கறயா?” சேகரன் பாய்ந்தான். ரவிக்குமார் நடுவில் நின்றான்.

சேகரன் பின்வாங்கினான். எண்ணெய்ப் புட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

“வியாழக்கிழமை சாயங்காலம் மை டப்பாவோடதானே வந்தீங்க?” என்று கேட்டாள் ரூபா. “அப்ப அம்மா உசிரோட இருந்தாங்க. கையை மூடிக்குவாங்கன்னாலும், தனியா இருக்கறப்ப பலவந்தமாப் பிரிச்சிருக்கலாம். ஏன் விட்டீங்க?”

“வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல நேரம் இல்ல,” என்றான் சேகரன்.

சிரிக்கவோ துப்பவோ தோன்றாமல் ரூபா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளி ஒன்பதே காலுக்காக ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறான். கிழவி காத்திருக்கவில்லை. தான் எந்த நேரத்தில் போக வேண்டும் என்று அவள் எவன் கடையிலும் கேட்டுவிட்டுப் போகவில்லை.

“உயில் செல்லாது,” என்று அவள் சரசுவிடம் சொன்னாள். “சட்டப்படி பாதி வீடு உங்களுது. மீதிப் பாதிக்கு உங்க அண்ணன் வெளிய வந்த பிறகு கோர்ட்டுல நிக்கட்டும். நீங்க எங்கயும் போக வேண்டாம்.”

சரசு தலையை ஆட்டினாள். கேட்ட மாதிரி இல்லை. அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா. அஞ்சு பத்துக்கா அம்மா போனா?”

சேகரன் எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திருகினான்.

“கேக்கறேன் இல்ல. அஞ்சு பத்துக்கு நீ பக்கத்துல இருந்தியா? தண்ணி கேட்டாளா? எடது கையால கட்டல் கம்பியத் தட்டுவா, தண்ணி வேணும்னா. தட்டினாளா?”

“எந்திரிச்சுப் பாத்தேன். அப்ப அஞ்சு பத்து.”

“எந்திரிச்சா?”

“ஹால்ல படுத்திருந்தேன். காலைல வேலை இருக்கேன்னு பத்து மணிக்கே படுத்துட்டேன். ஃபேன் சத்தத்துல...” அவன் நிறுத்தினான். “பாக்கறப்ப மூச்சு இல்ல. கை சில்லுனு இருந்தது.”

பத்திலிருந்து ஐந்து பத்து வரை. ஏழு மணி நேரமும் பத்து நிமிஷமும். அதில் எந்த நிமிஷம் என்று, மூன்று நாழிகை, ரெண்டு மாசம், எட்டு ஐந்து வரை என்றெல்லாம் ஊருக்குக் கணக்குச் சொல்லுகிறவனுக்குத் தெரியாது. சரசு சுவரில் சாய்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ரூபா வாக்குமூலத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். இறந்தவர் பெயர், வயது, இடம். இறந்த நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது.

“அஞ்சு பத்துன்னு போட்டுடுங்க மேடம்,” என்றான் சேகரன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “சித்தையன் நோட்டுலயும் அதுதான் இருக்கு. வருஷா வருஷம் திதி குடுக்கணும், ஒரு நேரம் வேணும்.”

ரூபா அந்த இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை அவன் பக்கம் திருப்பினாள்.